கழுதைக் குட்டைக்கு வாத்து வந்த வருஷம்

அந்த வருஷம் ஐப்பசி மழை பதினோரு நாள் முன்னதாகவே வந்து, வந்த வேகத்தில் இரண்டு நாள் கொட்டித் தீர்த்துவிட்டு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவளைப்போல அவசரமாகத் திரும்பிப் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தேகால் பஸ் ஊரைத் தாண்டின கையோடு, நரையன்குறிச்சிக் கழுதைக் குட்டையில் நாற்பத்தொரு காட்டு வாத்துகளின் நிழல்கள் நீந்தின. நிழல்களுக்குச் சொந்தக்கார வாத்துகள் மேலே இல்லை. குட்டையின் மேல்பரப்பு வெறுமனே கிடந்தது, அதற்கு மேலே வெறும் காற்று, அதற்கும் மேலே வெறும் வானம், தண்ணீருக்குள் மட்டும் தலைகீழாக நாற்பத்தொரு வாத்துகள், தலை பழுப்பாகச் சிலது, வால் ஊசியாகச் சிலது, ஒன்றையொன்று இடித்துக்கொண்டும் வாலைத் தூக்கி முக்குளித்துக்கொண்டும் தங்கள் சோலியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

முதலில் பார்த்தவள் முத்துப்பேச்சி. நூறு நாள் வேலையில் நாற்பது பெண்களுக்குப் பொறுப்பாளர், வயது நாற்பத்தெட்டு, புருஷன் போய்ப் பதினாலு வருஷம், ஒரே மகள் இசக்கி திருப்பூரில். மண்வெட்டியைக் கழுவக் குனிந்தவள் வாத்துகளைக் கண்டு நிமிர்ந்து மேலே பார்த்தாள், குனிந்து கீழே பார்த்தாள், இன்னொரு தடவை மேலே பார்த்துவிட்டு, "ஏட்டி பொன்னுத்தாயி, இங்க வந்து இதப் பாரு" என்று ஒரு குரல் கொடுத்தாள். அந்த ஊரில் "பாரு" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

நரையன்குறிச்சி ஜனங்களைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். வேடிக்கை பார்ப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. லாரிக்கு டயர் மாற்றினால் பார்ப்பார்கள், மின்கம்பத்தில் ஆள் ஏறினால் பார்ப்பார்கள், ஏறின ஆள் இறங்குகிறவரை சோறு தண்ணி இல்லாமல் நின்று பார்ப்பார்கள். கெட்ட ஜனங்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் கஞ்சி வரும், கஞ்சியோடு பதினைந்து பேர் வருவார்கள், வந்து கட்டிலைச் சுற்றி நின்று, நோயாளி கஞ்சி குடிப்பதை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்கள். அவர்களுடைய நல்ல மனசும் கண்ணும் சேர்ந்தேதான் வரும். கஞ்சியை மட்டும் வாங்கிக்கொண்டு கண்ணைத் திருப்பி அனுப்ப வழியே கிடையாது.

ஆக, மத்தியானத்துக்குள் ஊரே குட்டைக் கரையில் இருந்தது. யாரும் அலறவில்லை, யாருக்கும் சாமி வரவில்லை. டீக்கடை சொர்ணபாண்டி தன் கடை பெஞ்சுகளில் இரண்டைத் தூக்கிவந்து கரையில் போட்டு, அங்கேயே ஒரு ஸ்டவ்வும் வைத்துவிட்டான். நிழல் எப்படித் தனியாக வரும் என்று ஒருத்தர் கேட்டதற்கு, "வீடு பாக்க வந்திருக்கும்வே. குடிவாரதுக்கு முன்னால வீடு பாக்கணும்லா?" என்று அவன் சொன்ன பதில் எல்லோருக்கும் பொருத்தமாகப் பட்டது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எப்போது குடிவரும் என்பது மட்டும்தான் பேச்சாக இருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்ததில் இன்னும் சில சங்கதிகள் தெரியவந்தன. தண்ணீருக்குள் தெரிந்தது கழுதைக் குட்டைதான், ஆனால் வேறு மாதிரியான கழுதைக் குட்டை. மேலே மொட்டைக் கரை, சீமைக்கருவேல முள், பாலிதீன் பைகள், கிழக்கு மூலையில் நாலு கோரைத்தூர், அவ்வளவுதான் சொத்து. உள்ளே பார்த்தால் கரையெல்லாம் சரிவாக இறங்கியிருந்தது, சம்புப் புல்லும் கோரையும் இடுப்புயரம் நின்றன, நடுவில் புல் முளைத்த திட்டு ஒன்று, அந்தத் திட்டுக்கு ஒதுங்கினாற்போல் ஒரு பனைத்தடி பாதி முங்கிக் கிடந்தது, அதன்மேல் வாத்துகள் வரிசையாக உட்கார்ந்து இறகு கோதின. இன்னொன்றையும் பார்த்தார்கள். கரையில் அத்தனை பேர் குனிந்து நின்றும் ஒருத்தர் முகமும் தண்ணீரில் தெரியவில்லை. பொன்னுத்தாயி கொண்டையை அவிழ்த்து முடிந்து பார்த்தாள், கையை ஆட்டிப் பார்த்தாள். "போவுது போ, மூஞ்சி பாக்க வீட்டுல கண்ணாடி இல்லாமலா கெடக்கு" என்று அதையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் முத்துப்பேச்சி மகளுக்குப் போன் போட்டாள். இசக்கி பனியன் கம்பெனியில் தைக்கிறவள், ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்குத்தான் பேசுவாள். புருஷன் சரியில்லை என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு, தாலி இல்லாத கழுத்தோடு, கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அவள் வீட்டுக்கு நாற்பது வாசல். நாற்பது வாசலிலும் ஆள் நின்றது. "மாப்பிள வரலியா?" "என்னட்டி கழுத்துல ஒண்ணுங் காணும்?" "புள்ளைக்கு அப்பன் ஜாடையா?" எல்லாம் அன்பாகத்தான் கேட்டார்கள், அதுதான் கொடுமை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பத்தேகால் பஸ்ஸில் ஏறிப் போனவள் பிறகு வரவேயில்லை. நாற்பது வாசலைப் பற்றி முத்துப்பேச்சிக்குக் கோபம் உண்டு. ஆனால் நாற்பதையும் தாண்டி மகள் தன் வாசலில் வந்து நின்றபோது, "வா" என்று சொல்லும் முன்னால் தன்னுடைய கண்ணும் நேராக அந்தக் கழுத்துக்குத்தான் போனது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வாத்து சமாச்சாரத்தைக் கேட்டு இசக்கி சிரித்தாள்.

"அந்த ஊருக்கா? வாத்துக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா?"

"நெசமாத்தாண்டி. நெழலு வந்திருச்சு. வாத்துதான் வரல."

"வராதும்மா. அத்தன கண்ணு இருக்க ஊர்ல எது வரும்?" என்றாள் இசக்கி. "சரி, ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. அந்தக் கண்ணுகளுக்கு நடுவுல நெசமான வாத்து எறங்கி, ஒரு பகலு ஒரு ராத்திரி நிம்மதியா இருக்கட்டும். நானும் புள்ளையும் வந்திருதோம். தை பொறக்கதுக்குள்ள நடக்கணும். நடக்கலன்னா நான் ஜோர்டானு, புள்ள ஹாஸ்டலு" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் ஜோர்டான் விளையாட்டு இல்லை. அங்கே ஒரு தையல் கம்பெனிக்கு மூன்று வருஷத்துக்கு ஆள் எடுத்தார்கள், ஏஜென்ட் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தான், பேத்தி தன்ஷிகாவை ஒரு விடுதியில் விடுவதாகப் பேச்சு. முத்துப்பேச்சி போனை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுநாளே ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கழுதைக் குட்டையைச் சீர்படுத்தும் வேலையைத் தன் குழுவுக்குக் கேட்டு வாங்கிவிட்டாள்.

வேலை கிடைத்ததும் எப்போதும் செய்வதைச் செய்தார்கள். நூறு நாள் வேலைப் பெண்களுக்குக் குட்டை என்றால் சதுரம். சதுரமாக வெட்டினால்தான் அளக்கத் தோதுப்படும். குட்டையின் கிழக்குப் பாதி காய்ந்து கிடந்தது, அதைச் சுவர் எழுப்பினதுபோல நேராகச் செதுக்கினார்கள், கரையைத் தோசைக்கல் மாதிரி மட்டம் தட்டினார்கள், இருந்த நாலு கோரைத்தூரையும் குப்பை என்று பிடுங்கிப் போட்டார்கள். வீட்டுக்கு விருந்தாளி வரும்போது முற்றத்தைக் கூட்டாமல் இருப்பார்களா? கூட்டக் கூட்டத் தண்ணீருக்குள் வாத்து குறைந்தது. ஒரு கோரைத்தூர் போனால் மூன்று வாத்து மறைந்தது, ஒரு முழம் கரையைச் செதுக்கினால் இரண்டு மறைந்தது. நாற்பத்தொன்று இருபத்தாறாகி, பதினேழாகி, ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பதாக வந்து நின்றது. முத்துப்பேச்சி ஒன்பதையும் மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். நாற்பது பெண்களும் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள்.

அவர்களைக் காப்பாற்றியது ஒரு ஜுரம். மண் வெட்டுகிறவர்கள் எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று காட்ட நடுவில் ஓர் இடத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவைப்பார்கள், அந்தத் திட்டுக்குச் சாட்சி என்று பெயர். ஓவர்சியர் வந்து அளந்து முடிக்கிறவரை சாட்சியில் யாரும் கை வைக்கக் கூடாது, கை வைத்தால் செய்த வேலை அத்தனையும் செய்யாத வேலையாகிவிடும். அந்த வாரம் ஓவர்சியர் ஜுரத்தில் படுத்துவிட்டார். சாட்சி அப்படியே நின்றது, கார்த்திகை பிறந்து மழை திரும்பி வந்து குட்டை நிறைந்தது, தண்ணீர் நாலு பக்கமும் சூழ்ந்துகொள்ள, சாட்சி தன்பாட்டுக்கு ஒரு தீவாக நின்று தலையில் புல் முளைக்கவும் தொடங்கியது. மழை வெறித்த காலையில் முத்துப்பேச்சி வந்து பார்த்தாள். தண்ணீருக்குள் இருந்த திட்டும் மேலே இருந்த சாட்சியும் அச்சுப் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியிருந்தன. திட்டைச் சுற்றி இருபது வாத்துகள்.

"ஏட்டி, நாம செஞ்சதெல்லாம் தப்பு, செய்யாம விட்டது மட்டும் சரியா இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து தண்ணீர்தான் அவர்களுக்குப் பிளான். குனிந்து உள்ளே பார்ப்பார்கள், நிமிர்ந்து மேலே செய்வார்கள். நேராகச் செதுக்கின கரையை உடைத்துச் சரித்தார்கள், ஒரு குழந்தை உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்குகிற அளவுக்குச் சரிவாக. பெரிய கால்வாய் ஓரத்திலிருந்து கோரையும் சம்பும் வேரோடு பெயர்த்துச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வந்து, உள்ளே எந்த இடத்தில் எத்தனை தூர் தெரிந்ததோ அந்த இடத்தில் அத்தனை தூர் நட்டார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி அந்த முள்ளையே நாய் வராமல் வேலியாக அடைத்தார்கள். இடி விழுந்து பட்டுப்போன பனையொன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்து, இன்னும் கொஞ்சம் வடக்கே, இல்லை இல்லை தெற்கே, என்று ஊரே சத்தம் போட, உள்ளே கிடந்த தடிக்கு நேராகப் பாதி முங்கப் போட்டார்கள். ஜுரம் தெளிந்து வந்த ஓவர்சியர் சாட்சியை அளந்து முடித்து, "இனி இதை வெட்டி எடுத்துரலாம்" என்று சொன்னபோது நாற்பது மண்வெட்டிகளும் தரையில் கிடந்தன, ஒருத்தியும் எடுக்கவில்லை. அவரும் தண்ணீருக்குள் ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் நாற்பத்தொன்றும் திரும்பியிருந்தன.

வாத்து மட்டும் வரவில்லை.

கார்த்திகை பாதியில் ஒரு நாள் காலையில் அதுவும் வந்தது. வடக்கேயிருந்து கோடு இழுத்ததுபோல ஒரு கூட்டம், நிஜ இறகு, நிஜ மூக்கு, குட்டைக்கு மேலே ஒரு சுற்று சுற்றியது. சேதி கேட்டு ஊரே ஓடி வந்தது. குழம்புக் கரண்டியோடு வந்தவர்கள், பாதி சவரத்தோடு வந்தவர்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள், அத்தனை பேரும் கரை முழுக்க நின்று வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். வாத்துகள் இரண்டாவது சுற்று சுற்றின, மூன்றாவது சுற்றில் பனை உயரத்துக்கு இறங்கின, கீழே பார்த்தன, அப்படியே விறுவிறென்று மேலேறித் தெற்கே போய்விட்டன. கரையில் பெரிய சண்டை மூண்டது. நீதான் இருமினாய், உன் சேலைதான் சிவப்பு, உன் பிள்ளைதான் கையைக் காட்டினான் என்று ஆளுக்கொரு குற்றம்.

அப்போதுதான் மாசானம் வாயைத் திறந்தார். பஸ் நிற்கிற இடத்தில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறவர். ஒரு காலத்தில் காட்டு வாத்து பிடித்து விற்றுக்கொண்டிருந்தார், அது குற்றம் என்று தெரிந்து அந்தத் தொழிலை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது, அந்த வெட்கத்தில் வாத்துப் பேச்சு வந்தாலே தலையைக் குனிந்து துணியைத் தேய்ப்பார்.

"நான் அப்பம் எப்படிப் பிடிப்பேன் தெரியுமா? நாலு பானையத் தண்ணியில மெதக்க விட்டிருவேன். மொத நாளு வாத்து பயப்படும், நாலாம் நாளு பானை மேலயே ஏறி உக்காரும். அஞ்சாம் நாளு ஒரு பானைய நான் தலையில கவுத்துக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில மெள்ள நடப்பேன். பக்கத்துல இருக்க வாத்தக் காலப் பிடிச்சு உள்ள இழுத்தாலும் அடுத்த வாத்துக்குத் தெரியாது."

"ஆளு அவ்வளவு கிட்டப் போயும் பறக்கலன்னா இப்பம் ஏன்ணே பறந்துச்சு?" என்று சொர்ணபாண்டி கேட்டான்.

"பானையில ரெண்டு ஓட்ட போட்டிருப்பேம்லா, பாக்கதுக்கு? ஒரு நாளு ஓட்டையக் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டேன். ஒண்ணுகூடக் கிட்ட வரல. அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். வாத்து ஆளுக்குப் பயப்படாதுடே. கண்ணுக்குத்தான் பயப்படும்."

முத்துப்பேச்சி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னாள்.

"உள்ள பாருங்க. கோரை இருக்கு, திட்டு இருக்கு, தடி இருக்கு. நம்ம மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. மொத நாள்லேர்ந்து அது சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு, நமக்குத்தான் உறைக்கல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எம்மவளும் அதத்தான் சொல்லுதா. வாத்து எறங்கினா வாரேங்கா, இல்லன்னா தைக்குப் பொறவு அவ இந்த நாட்டுலயே இல்ல. அவ ஏன் வரமாட்டேங்கான்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களச் சொல்ல வாயில்ல எனக்கு. மொதக் கண்ணு எங்கண்ணுதான்."

கரையில் அத்தனை பேர் இருந்தும் அப்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவரவர் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஊர் பழகின முதல் பாடம் அதுதான்.

அடுத்த நாளிலிருந்து கழுதைக் குட்டையை யாரும் பார்ப்பதில்லை என்று முடிவாயிற்று. சொல்வது சுலபம். பிறந்ததிலிருந்து பார்த்தே பழகின கண்ணை ஒரே நாளில் என்ன செய்வது? சொர்ணபாண்டி பெஞ்சுகளைக் கடைக்கே எடுத்துப் போய் ரோட்டுக்கு முதுகு காட்டிப் போட்டான். வயலுக்குப் போகிறவர்கள் குட்டை வருமுன்னே முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டு நடந்தார்கள், எதிரில் அதேபோலத் திரும்பிக்கொண்டு வந்தவர்கள்மேல் முட்டிக்கொண்டார்கள். கண்டக்டர் "குட்டை வருது, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பு" என்று விசிலை ஊத, வெளியூர்க்காரர்களும் சேர்ந்து திரும்பினார்கள். முதல் வாரம் ஊருக்கே கழுத்து சுளுக்கியது. தைல பாட்டில் காலியானது. பொன்னுத்தாயி மட்டும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, இரண்டு தடவையும் தானே வந்து அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு விசித்திரம் நடந்தது, அதை யாரும் விசித்திரம் என்று நினைக்கவில்லை. பாராமல் இருக்கப் பழகின கண் குட்டையோடு நிற்கவில்லை. கீழத்தெருவில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தபோது சுவர்மேல் ஒரு தலையும் முளைக்கவில்லை, பார்க்க ஆள் இல்லாததால் சண்டை சீக்கிரமே சலித்து முடிந்துபோனது. பரீட்சையில் தோற்றுப்போய் நாலு மாதம் வீட்டுக்குள் கிடந்த தபால்காரர் மகள் பட்டப்பகலில் நடுத்தெருவில் நடந்து போய் ஷாம்பு வாங்கி வந்தாள். கஞ்சி வந்தது, கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் வரவில்லை, வாசலில் வைத்துவிட்டு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊர் கொஞ்சம் அகலமாகிவிட்டதுபோல இருந்தது.

மார்கழி ஆறாம் தேதி, வெயில் ஏறின நேரம். முத்துப்பேச்சியும் பெண்களும் குட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்கால் மேட்டில் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே கோடித் துணியைக் கிழிக்கிற சத்தம் வந்தது. நாற்பது மண்வெட்டிகளும் பாதியில் நின்றன. துணி கிழிபடுகிற சத்தம் ஒரு சுற்று போய் வந்தது, இன்னொரு சுற்று போய் வந்தது, மூன்றாவது சுற்றில் ரொம்பக் கீழே இறங்கியது. ஒருத்தியும் திரும்பவில்லை. பொன்னுத்தாயி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். அப்புறம் தண்ணீரில் விழுகிற சத்தம், சளக், சளக் என்று ஒவ்வொன்றாக. முத்துப்பேச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணினாள். நாற்பத்தொன்று.

போனை எடுத்து மகளை அழைத்து, திரும்பாமலே கையை முதுகுக்குப் பின்னால் நீட்டிக் குட்டைப் பக்கம் காட்டினாள். அந்தப் பக்கம் இசக்கி, ஷிப்ட் நேரத்தில் வராத போன் வந்ததில், தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கீச்சுக் கீச்சென்று சிறகி வாத்துகளின் சத்தம், கிளுவை வாத்துகளின் சீட்டி, தண்ணீர் அடிபடும் சத்தம்.

"எங்கேயோ பதிஞ்சத வச்சு ஏமாத்துத."

"எங்கண்ணாணச் சொல்லுதேன். நான் பாக்கக்கூட இல்ல."

"நீ பாக்கலயா?" என்றாள் இசக்கி. அதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கடந்தன. மறுநாளும் வாத்துகள் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் இசக்கி, ஒரு சூட்கேஸும் தோளில் தூங்குகிற தன்ஷிகாவுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இறங்கும்போதே உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டாள், கேள்விகளுக்குப் பதில்களை வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தாள். நாற்பது வாசலிலும் ஆள் இருந்தார்கள். அரிசி புடைத்தவர்கள் அரிசியைப் பார்த்தார்கள், பல் துலக்கினவர் செம்பைப் பார்த்தார், மாசானம் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். யாரோ ஒருத்தர் பின்னாலிருந்து வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே, சூட்கேஸை வாங்கிக்கொண்டு முன்னே போனார். வாசலில் முத்துப்பேச்சி நின்றிருந்தாள். அவள் கண் மகளின் பாதத்தை விட்டு மேலே ஏறவில்லை.

"கால் கழுவிட்டு வாட்டி. சோறு ஆறுது" என்றாள்.

இசக்கி மூன்று நாள் தூங்கினாள். எத்தனையோ வருஷத்துத் தூக்கம் அது. நாலாம் நாள் தெருவில் இறங்கி நடந்தாள், ஐந்தாம் நாள் வாய்க்காலில் குளித்தாள், யாரும் எதுவும் கேட்கவில்லை. மகராசிகள், என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் ஆனபோது அவளுக்கு என்னவோ செய்தது. பேசினால் பதில் வந்தது, பதில் வந்த இடத்தில் முகம் இல்லை. அம்மா சோறு போடும்போது தட்டைப் பார்த்தாள், தலைவாரிவிடும்போது சீப்பைப் பார்த்தாள், பேச்செல்லாம் மகளின் முழங்காலோடு பேசினாள். கண்ணாடி முன்னால் நின்று, தான் இருக்கிறோமா என்று இசக்கி ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

வாத்துகள் இதற்குள் ஊரைப் புரிந்துகொண்டுவிட்டன. பார்க்க ஒரு கண்ணும் இல்லை என்று தெரிந்ததும் கரையேறின, முள்வேலிச் சந்து வழியாக வெளியே வந்தன, நாலைந்து சேர்ந்து தெருவில் தத்தித் தத்தி நடந்தன. வாசல் வாசலாக நின்று, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் உள்ளே பார்த்தன. சமையல் நடந்தால் சமையலைப் பார்த்தன, சவரம் நடந்தால் முடிகிறவரை நின்று பார்த்தன. வேடிக்கை பார்க்கும் பழக்கம் ஊரைவிட்டுப் போகவில்லை, கைமாறியிருந்தது, அவ்வளவுதான்.

மார்கழி இருபத்தேழாம் தேதி காலையில் ஏஜென்ட் போன் பண்ணினான். டிக்கெட் போட வேண்டும், சாயங்காலத்துக்குள் ஒரு பதில் சொல்லுங்கள் என்றான். இசக்கி போனை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகச் சொர்ணபாண்டி கடைக்குப் போய் ஒரு டீ கேட்டாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே ஆற்றி, கூரையைப் பார்த்துக்கொண்டே நீட்டி, பாதி டீயைத் தன் கையில் ஊற்றிக்கொண்டான். சுட்ட கையை உதறும்போதும் கூரையைத்தான் பார்த்தான். பெஞ்சில் இருந்தவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாத்துகள் மட்டும் கடைவாசலில் நின்று இசக்கியை ஏற இறங்கப் பார்த்தன.

"ஏண்ணே," என்றாள் இசக்கி, "உங்களுக்கெல்லாம் என்ன வந்திச்சு? நான் என்ன வாத்தா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சுவர்ப் பக்கம் இன்னும் நன்றாகத் திரும்பிக்கொண்டார்கள்.

"அன்னைக்கு அப்படிப் பாத்தீங்க, நான் கூறுகூறாப் போயிட்டேன். இன்னைக்கு இப்படிப் பாக்க மாட்டேங்கிய. நான் எங்கதான் போய் இருக்க?" என்று கேட்டுவிட்டு, டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் போன பிறகு சொர்ணபாண்டி மெதுவாகக் கூரையிலிருந்து கண்ணை இறக்கி, அவள் வைத்துவிட்டுப் போன டம்ளரைப் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்தது.

முத்துப்பேச்சி அடுப்படியில் உலை வைத்து அரிசி போட்டிருந்தாள். தன்ஷிகாவும் ஒரு வாத்தும் வாசலில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். இசக்கி வந்து அடுப்புக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா. என்னப் பாரு."

முத்துப்பேச்சி அகப்பையைப் பார்த்தாள். "வேண்டாம்ட்டி. நான் பாத்துத்தான் நீ போன. மூணு வருசம் அந்த ஒரு பார்வைக்கு நான் பட்டது போதும்."

"அன்னைக்கு நீ என் கழுத்தத்தாம்மா பாத்த. என்னப் பாக்கல. இப்பம் என்னப் பாரு."

முத்துப்பேச்சி அகப்பையை வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். பாதத்திலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து ஊசி குத்தித் தழும்பேறின விரல்களுக்கு, விரல்களிலிருந்து மெல்ல மேலே வந்தது அவள் பார்வை. கழுத்து வந்தது, அது கழுத்தாகவே இருந்தது, அதில் நிற்காமல் மேலே போனாள். முகம். கண்ணுக்குக் கீழே கறுப்பு, மூக்குத்தி இல்லாத மூக்கு, இடது நெற்றியில் அவளுக்குத் தெரியாத ஒரு தழும்பு, காதோரம் அதற்குள் நாலு நரை, சிரிக்கப்போகிறோமா அழப்போகிறோமா என்று தெரியாத உதடு. பெற்ற அன்றைக்குக்கூட இவ்வளவு நேரம் அவள் இந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"நரைச்சிருச்சேட்டி உனக்கு" என்றாள்.

"ஆமா" என்றாள் இசக்கி. உதடு ஒரு வழியாகச் சிரிப்பின் பக்கம் சாய்ந்தது. "ஏஜென்ட்டுட்ட வரலன்னு சொல்லிருதேன். புள்ளைய இங்க பள்ளிக்கூடத்துல சேக்கணும்மா. நாளைக்கு நீயும் கூட வா."

முத்துப்பேச்சி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது. மூன்று பேரும் அதைத்தான் சாப்பிட்டார்கள்.